வாயைத் திறங்க, ‘ஆ’ சொல்லுங்க

கொரோனா பரிசோதனைக்குத் தொண்டையில் சாம்பிள் எடுக்கும்போது குச்சி நாக்கில் பட்டுவிடக் கூடாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. மரப்பட்டையால் நாக்கைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்க டான்சிலிலும் பின்சுவரிலும் ஸ்வாப் குச்சியை அழுத்தி உரச வேண்டும். எதிரில் இருப்பவருக்கு உடனே குமட்டும், குமட்டினால் இருமல் வரும், அந்த இருமல் நம் முகத்தில்தான் விழும். அதனால் நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கக் கால் தானாகப் பழகிவிடும்.

மூக்குக்கு இன்னொரு குச்சி. “மூளை வரைக்கும் விடுறாங்களாம்” என்று 2020இல் சென்னை முழுக்க ஒரு பேச்சு இருந்தது. குச்சியை மேல்நோக்கிக் குத்தினால் அது எங்கும் போகாது, வலிதான் மிஞ்சும். மூக்கின் அடித்தரையை ஒட்டி, காது இருக்கும் திசையில் நேராக உள்ளே விட வேண்டும். ஓரிடத்தில் தட்டும். அங்கே நிறுத்தி, மெல்லச் சுழற்றி, சில விநாடி வைத்திருந்து எடுக்க வேண்டும். சரியான இடத்தைத் தொட்டால் பெரும்பாலும் கண்ணில் தண்ணீர் வரும். கண் கலங்காமல் எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான்.

இரண்டு குச்சிகளும் ஒரே குழாயில் போகும். அதில் வி.டி.எம். என்று நாங்கள் சொல்லும் இளஞ்சிவப்பு நீர் கொஞ்சம் இருக்கும். குச்சியின் கழுத்தில் ஒடிப்பதற்கென்றே ஒரு வரை போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒடித்து, மூடியை இறுக்கி, பாராஃபிலிம் சுற்றி, பெயரும் எண்ணும் எழுதி, ஜிப் கவரில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைப்போம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில், நடுத்தெருவில், மேசைக்கு அடியில் வைத்திருக்கும் பெட்டிக்கு இந்தக் கணக்கு. ஐஸ் பேக்கை மாற்ற மறக்காத ஒரு உதவியாள் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

நான் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ படித்தவள். அதற்கு முன்பு பல வருடம் தனியார் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் சர்க்கரைக்காரர்கள், மார்கழியில் காய்ச்சல்காரர்கள், திங்கட்கிழமை தைராய்டுக்காரர்கள் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுத்தபோது சேர்ந்தேன். ரத்தம் எடுக்க வருகிறவர் தானாகக் கையை நீட்டுவார். ஸ்வாப் எடுக்கும் வேலையில் ஆளைத் தேடிக்கொண்டு நாம் போக வேண்டும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சேரும்போது தெரியவில்லை.

தமிழ்நாட்டில் முதல் பாசிடிவ் 2020 மார்ச் 7ஆம் தேதி வந்தது, ஓமனில் இருந்து திரும்பிய ஒருவருக்கு. ஆரம்பத்தில் சந்தேகப்பட்ட சாம்பிள் எல்லாம் புனே தேசிய வைராலஜி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே பார்க்க ஆரம்பித்தார்கள். 1899இல் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் மருத்துவக் கல்லூரிகள், தனியார் ஆய்வகங்கள் என்று வரிசையாக அனுமதி கிடைத்தது. நடுவில் ஏப்ரலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் ரேபிட் கிட்டுகள் வந்தன. “இனிமே குச்சி வேலை இல்லைடி” என்று தோழி ஒருத்தி சந்தோஷப்பட்டாள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அந்த மாதக் கடைசியிலேயே அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. அதன் பிறகு தமிழ்நாடு, குச்சியில் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் ஆர்.டி.பி.சி.ஆர். ஒன்றையே பிடித்துக்கொண்டது. மற்ற மாநிலங்கள் அரை மணியில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் டெஸ்ட்டை எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டபோதும் இங்கே அதைச் செய்யவில்லை. தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், அது நல்ல முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்கள்தான் அந்த விலை.

மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்று இரவே பிரதமர் நாடு முழுவதற்கும் ஊரடங்கை அறிவித்தார். பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை. எங்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் வரும். காலை எட்டு மணிக்கு மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சரில் இருந்து அண்ணா சிலை வரைக்கும் ஒரு வண்டிகூட இல்லாமல் பார்த்தவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர்தான், நான் அதில் ஒருத்தி. முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது நாள் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. சிக்னலில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார். “கொரோனா டெஸ்ட் எடுக்கிறவங்க” என்று டிரைவர் சொன்னதும் அட்டையை வாங்காமலே போகச் சொல்லிவிடுவார்.

கவச உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்று போகாத துணி, மேலே கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு, கையுறை இரண்டு அடுக்கு. மே மாதம் தெருவில் பதினைந்து நிமிடம் நின்றால் முதுகில் வேர்வை ஓடுவது தெரியும். கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்ளும், துடைக்க முடியாது, தலையைச் சாய்த்து ஓரமாகத் தெரிகிற இடைவெளியில் பார்த்து மூக்குத் துவாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உடையைக் கழற்றினால் மறுபடி போட முடியாது, வேறு உடைதான். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவோம். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்தோம் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிக் கட்டிக்கொண்டோம். சிறுநீர்க் கடுப்பு எங்கள் குழுவில் எல்லாப் பெண்களுக்கும் வந்தது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மளிகைக் கடைகூடத் திறக்காது என்றதும் 25ஆம் தேதி ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. கோயம்பேடு மார்க்கெட்டில் தோளோடு தோள் உரசி நின்று காய்கறி வாங்கினார்கள். மே 5ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள், பிறகு திருமழிசையில் தற்காலிகமாகக் கடை போட்டார்கள். அதற்குள் கோயம்பேட்டில் இருந்து லாரியோடும் மூட்டையோடும் தொற்று பல மாவட்டங்களுக்குப் போய்விட்டது. எங்கள் வேலையின் முகமே அந்த வாரத்தில் மாறியது. அதுவரை விமானத்தில் வந்தவர், அவருடைய டிரைவர், அவர் வீட்டு மாமி என்று பட்டியலைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். இப்போது மூட்டை தூக்குகிறவர், பூ கட்டுகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், அவர்கள் குடியிருக்கும் ஒண்டிக் குடித்தன வீட்டின் எட்டுக் குடும்பம். யார் யாரைத் தொட்டார் என்று நோட்டில் எழுதி முடியாது. ராயபுரம் மண்டலத்தின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. திருவல்லிக்கேணியில் வி.ஆர்.பிள்ளை தெரு என்ற ஒரே தெருவின் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது.

அப்போதுதான் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் வந்தது. 15 மண்டலம், 200 வார்டு, எல்லா இடத்திலும். ஒரு பள்ளிக்கூடம், அல்லது சமுதாயக்கூடம், அதுவும் இல்லையென்றால் வேப்பமரத்தடியில் ஒரு ஷாமியானா. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஸ்வாப் எடுக்க நாங்கள். நெற்றியில் வெப்பமானி, விரலில் ஆக்சிமீட்டர், காய்ச்சலோ சளியோ வாசனை தெரியாமையோ இருந்தால் ஸ்வாப். கூடவே ஜிங்க் மாத்திரை, வைட்டமின் மாத்திரை, பக்கத்தில் ஒரு பெரிய குண்டானில் கபசுரக் குடிநீர். கபசுரக் குடிநீரால் நோய் தீர்ந்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முகாமுக்கு ஆள் வந்ததற்கு அது ஒரு காரணம் என்று மட்டும் தெரியும். கஷாயம் குடிக்க வந்த பெரியவர்கள், “அப்படியே காய்ச்சலும் பாத்துடும்மா” என்று உட்காருவார்கள்.

ஸ்வாப் எடுக்க ஒரு நிமிடம். அதற்கு முன்னால் படிவம் நிரப்பப் பத்து நிமிடம். பெயர், வயது, முகவரி, அறிகுறி என்றைக்கு வந்தது, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். அவருடைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வடசென்னையின் ஒரு குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வீட்டுக்காரர் கையில், அவர் எங்கோ வெளியே. சிலருக்குப் போன் இருக்கும், ரீசார்ஜ் இருக்காது. சிலர் வேண்டுமென்றே தப்பான நம்பரைச் சொல்வார்கள்.

வீட்டு வேலை செய்கிற ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், இரண்டு நாளாக உடம்பு வலி. உட்கார்ந்தார், பெயர் சொன்னார், தெரு சொன்னார், நம்பர் கேட்டதும் எழுந்துவிட்டார்.

“நம்பர் இன்னாத்துக்கும்மா?”

“ரிசல்ட் அனுப்பணும்க்கா.”

“ரிசல்ட்டு எனக்கு வருமா, வேலை செய்ற வூட்டுக்கும் போவுமா?”

“உங்களுக்குத்தான் வரும்.”

“எங்க தெருவுல தகரம் அடிச்சா அவங்களுக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா பாதிச் சம்பளம். இதுவும் போச்சுன்னா நீ வந்து சோறு போடுவியா?”

கேள்வியில் கோபமில்லை, விவரம் கேட்கிற தொனிதான். எனக்குப் பதில் இல்லை. அவர் கபசுரம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தகரம் என்றால் அந்த வருடம் சென்னையில் எல்லோருக்கும் ஒரே பொருள்தான். பாசிடிவ் வந்த வீட்டு வாசலில் தகரத்தை நிறுத்திச் சவுக்குக் கட்டையோடு அடித்துவிடுவார்கள். கதவில் ஸ்டிக்கர். தெருமுனையில் தடுப்பு. ஆம்புலன்ஸ் வந்து, முழுக்க மூடிய ஆட்கள் இரண்டு பேர் இறங்கிப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது மாடி எல்லாம் தலைகள். அந்த வீட்டுக்காரர் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்போலத் தலை குனிந்து ஏறுவார். அடுத்த நாள் அந்தத் தெருவில் முகாம் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். காய்ச்சல் அடிப்பவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், வெப்பமானி 97 காட்டும். எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு தெருவின் கோடியில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு ஆயாவை மறக்க முடியாது. வீட்டு வாசல்தான் கடை. பேரனுக்குப் பாசிடிவ். தகரம் வந்துவிட்டது. ஊறப்போட்ட அரிசியை என்ன செய்வது என்று தகரத்துக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது ஆயா. யாரிடம் கேட்கிறது என்று அதற்கே தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வந்து அந்த அரிசியை வாங்கிப்போய் அரைத்து, தன் வீட்டில் இட்லி ஊற்றி, காசைத் தகரத்துக்கு மேல் கொடுத்தாள். தினமும் கொடுத்தாளா என்று தெரியாது, நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் அடுத்த முகாமில் அந்தத் தெருவில் இருந்து வந்த கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

இப்படிப்பட்ட பெண்களால்தான் இந்தப் பரிசோதனை ஓடியது. வீடு வீடாகக் கேட்டுப் போகிற களப்பணியாளர்களாக அதே பகுதிப் பிள்ளைகளை, பெண்களை மாநகராட்சி ஆயிரக்கணக்கில் எடுத்தது. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குப் பாலும் காய்கறியும் மருந்தும் வாங்கிக் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த வீட்டில் யார் இருமுகிறார், எந்த வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை என்று இரண்டும் தெரியும். “அக்கா, மூணாவது மாடி கடைசி வீடு, அந்தத் தாத்தா ராத்திரி பூரா இருமுறாரு, ஆனா கேட்டா இல்லம்பாரு” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். தாத்தாவிடம் நான் போய்ப் பேசினால் நடக்காது. அந்தப் பெண் போய், “தாத்தா, நான் கூட இருக்கேன், ஆயாவுக்கு மாத்திரை நான் வாங்கித் தரேன்” என்றால் இறங்கி வருவார். நல்ல ஆள் கிடைத்த தெருவில் பெட்டி நிறைய சாம்பிள். ஆள் சரியில்லாத தெருவில் மாலை வரைக்கும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஜூன் மாதம் மோசம். சென்னையில் ஒரே நாளில் 2,000 பேருக்கு மேல் பாசிடிவ் வர ஆரம்பித்தது. 19ஆம் தேதி முதல் சென்னையிலும் பக்கத்து மாவட்டப் பகுதிகளிலும் மறுபடியும் முழு ஊரடங்கு, சென்னையில் அது ஜூலை 5 வரை நீண்டது. அறிவிப்பு வந்ததும் பயண அனுமதியான இ-பாஸ் இருந்தவரும் இல்லாதவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஐஸ் பெட்டிகள் ஆய்வக வாசலில் வரிசை கட்டின. ஆய்வகத்தில் நடப்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை. குழாயைத் திறந்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, 96 குழி உள்ள தட்டில் ஏற்றி, இயந்திரத்தில் வைத்தால் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிப் பார்க்கும். அந்த 96இலும் சில குழிகள் சரிபார்ப்புக்குப் போய்விடும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு சுற்றுக்கு ஐந்தாறு மணி நேரம். தனியாரில் அப்போது தமிழக அரசு வைத்த உச்சவரம்பு 3,000 ரூபாய். எங்கள் முகாமில் இலவசம். கூட்டம் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிசல்ட் மூன்றாவது நாள், நான்காவது நாள் என்று தள்ளிப்போனது. கூலிக்குப் போகிறவர் அதுவரை எப்படி வீட்டில் இருப்பார்? ஒருவர் ஸ்வாப் கொடுத்துவிட்டு மறுநாளே பெயின்ட் வேலைக்குப் போய்விட்டார். ரிசல்ட்டோடு ஆட்கள் தேடிப் போனபோது சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாராம். அவரைத் திட்டியவர்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள்.

நெகடிவ் வந்தவர்களாலும் சிக்கல் உண்டு. தொற்றின் முதல் ஓரிரு நாளில் எடுத்தால் தப்பிப்போகலாம், குச்சி சரியான இடத்தைத் தொடாவிட்டாலும் தப்பிப்போகலாம். “நெகடிவ்னு பேப்பர் இருக்கு” என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள் இன்னொரு பக்கம். கிருமி எத்தனையாவது சுழற்சியில் தெரிந்தது என்று காட்டும் சி.டி. வேல்யூ எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அது பரீட்சை மார்க் மாதிரி அதிகம் என்று சந்தோஷப்பட்டு, குறைவு என்று அழுது, எங்களுக்கு ராத்திரி போன் செய்வார்கள்.

என் வீட்டுக்கார அம்மா நல்லவர். ஆனாலும் மாடிக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார், அது சரிதான். எங்களில் சிலரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தது இந்த ஊர்தானே. அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் வேனில் ஏறியபோது யாரும் பேசவில்லை.

ஜூலையில் சென்னையில் நாளுக்கு 10,000 பரிசோதனைக்கு மேல் நடந்தது. எண்ணிக்கை இறங்கியது. முகாம்களால் இறங்கியது என்பார்கள், எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அதே மாதம் சென்னையில் ரத்தத்தில் எதிர்ப்பணு பார்க்கும் ஆய்வு ஒன்று நடந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்ததாக அதில் தெரிந்தது. எழுபது லட்சம் பேர் உள்ள ஊரில் கணக்குப் போட்டால் பதினான்கு லட்சம். நாங்கள் குச்சியால் கண்டுபிடித்தது ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் ஒரு லட்சத்தைத் தொட்டது. அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்கள் அதில் நிறையப் பேர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிவிட்டு, நம்பர் கேட்டதும் எழுந்து போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2021 மே மாதம் கதை தலைகீழ். தகரம் இல்லை, யாரையும் தேடிப் போகவும் வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை வாசலில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற காட்சியை டி.வி.யில் பார்த்துவிட்டு ஜனங்கள் விடியற்காலையிலேயே முகாமில் வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து விழிப்புணர்வு வந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அது பயம். பயத்தில் வருகிறவர் தாமதமாகத்தான் வருவார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 84 காட்டும், ஸ்வாப் எடுக்க நேரமில்லை, நேராக ஆம்புலன்ஸ்தான்.

ஒப்பந்தம் முடிந்து நான் மறுபடி ரத்தம் எடுக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்கள் 2,000க்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. களத்தில் கற்றுக்கொண்டதை எல்லாம் அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அடுத்த கிருமி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் குச்சியும் குழாயும் இயந்திரமும் ஒரு வாரத்தில் வந்து இறங்கிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. திட்டம் போடுகிற அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். பாசிடிவ் வந்த வீட்டுக்கு 14 நாள் கூலியை முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள், வேலை போகாது என்று முதலாளியிடம் எழுதி வாங்குங்கள், தெருவில் இருக்கிற ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குப் பொறுப்பாக வையுங்கள். அப்படிச் செய்தால் முகாமுக்கு ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்காது.